தீர்ப்பை வாசகரிடம் விடும் நூல்கள்: கல்வராயன் மலைப் பள்ளிகளை முன்வைத்து ஓர் ஆய்வு

1. களமும் கேள்வியும்

கள்ளக்குறிச்சி 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. கரும்பும் நெல்லும் மரவள்ளியும் விளையும் சமவெளி அதன் ஒரு பாதி. கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையை ஒட்டி ஏறத் தொடங்கும் கல்வராயன் மலை மற்றொரு பாதி. மலையின் வடபகுதியான சின்னக் கல்வராயன் சுமார் 2,700 அடி உயரம். தெற்கேயுள்ள பெரிய கல்வராயன் ஏறக்குறைய 4,000 அடி. இங்கே வாழ்வோரில் பெரும்பாலோர் மலையாளி எனப்படும் பழங்குடியினர். கேரளத்துக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை, பேசுவது தமிழ். நாடு விடுதலை அடைந்து 29 ஆண்டுகள் கழித்து, 1976 வரையிலும், இம்மலை சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் என்ற மூன்று ஜாகிர்தார் குடும்பங்களின் பிடியில் இருந்தது. இன்று எட்டாம் வகுப்பில் படிக்கும் பிள்ளையின் தாத்தாவும் பாட்டியும் ஜாகிர் ஆட்சியில் பிறந்தவர்கள். புத்தகம் வைத்திருந்த வீட்டில் வளர்ந்தவர்கள் அந்தத் தலைமுறையில் அரிதினும் அரிது.

இம்மலைப் பிள்ளைகளில் கணிசமானோர் ஆதிதிராவிடர், பழங்குடியினர் நலத்துறையின் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளில் படிக்கிறார்கள். மிளகுக்கும் காப்பிக்கும் பறிப்புக் காலம் வந்தால் பெற்றோர் கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் கூலிவேலைக்குப் போய்விடுவார்கள். பிள்ளைகள் விடுதியில் இருப்பார்கள், அல்லது அவர்களும் கூடப் போவார்கள். பள்ளிமணி அடித்த பிறகு விடுதியில் மிச்சமிருக்கும் மாலைப்பொழுது நீளமானது. அந்த நேரத்தில் கைக்கு எட்டும் தூரத்தில் எந்தப் புத்தகம் இருக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை, அதாவது பதினொன்றிலிருந்து பதினேழு வயது வரையுள்ளவர்களைப் பற்றித்தான் பேச்சு.

‘படிக்க வேண்டிய நூறு நூல்கள்’ வகைப் பட்டியல்களுக்குத் தமிழில் பஞ்சமில்லை. அளவுகோலைப் பற்றிய விவாதத்துக்குத்தான் பஞ்சம். என் வாதம் இது: பதின்வயதினருக்கான நூலின் தகுதியை, அது எதைக் கற்பிக்கிறது என்பதையோ எவரைப் பற்றியது என்பதையோ வைத்து முதலில் எடைபோடக் கூடாது. பெரியவர்களின் உலகத்தைப் பற்றித் தானே தீர்ப்புச் சொல்லக்கூடியவர் என்று தன் வாசகரை அது நம்புகிறதா என்று பார்க்க வேண்டும். மற்ற அளவுகோல்கள் அதற்கு அடுத்தே வரும்.

2. நடப்பிலுள்ள அளவுகோல்கள்

தமிழ்ச் சிறார் இலக்கியத்தின் பழைய அளவுகோல் நீதி. ஆத்திசூடி தொடங்கி வரும் மரபு அது. அழ. வள்ளியப்பா (1922–1989) காலத்தில் பாட்டும் விளையாட்டும் அந்த மரபைத் தளர்த்தின. ஆயினும் கதை முடிந்ததும் ‘இக்கதையால் அறியும் நீதி’ என்று கேட்கும் வழக்கம் வகுப்பறையை விட்டுப் போகவில்லை. எட்டு வயதுப் பிள்ளைக்கு அது பெரிய தீங்கு செய்யாது. பதினான்கு வயதில் அதே அமைப்பு அலுப்பூட்டுகிறது. தீர்ப்பு முன்கூட்டியே எழுதப்பட்டுவிட்ட வழக்கில் வாசகருக்குப் பார்வையாளர் இருக்கை மட்டுமே கிடைக்கிறது. இங்கே திருக்குறளைக் கொண்டுவந்து மறுப்பவர்கள் உண்டு. குறள் இந்தக் குற்றச்சாட்டுக்கு ஆளாகாது. ஒரு குறளோடு ஒரு வகுப்பு முழுக்க வாதிடலாம். 1,330 குறளையும் ஒப்பித்தால் பரிசு என்னும் ஏற்பாட்டில் வாதத்துக்குத்தான் இடமில்லை.

இரண்டாவது அளவுகோல் வாசிப்பு நிலை. பள்ளிக் கல்வித்துறை 2023இல் தொடங்கிய வாசிப்பு இயக்கம் ‘நுழை, நட, ஓடு, பற’ என்று நான்கு படிகளாக நூல்களைப் பிரித்தது. சிறிய, படம் நிறைந்த, மலிவான நூல்கள். நல்ல முயற்சி, எழுத்துக்கூட்டித் திணறும் பிள்ளை ஒரு நூலை முழுதாக முடித்தேன் என்று சொல்ல முடிவது சிறிய காரியமில்லை. ஆனால் மொழியின் படியும் வாழ்க்கையின் படியும் ஒன்றாக ஏறுவதில்லை. மலைப் பள்ளியில் இது கூர்மையாகத் தெரியும். பறிப்புக் காலத்தில் பள்ளிக்கு வராமல் போன பதினான்கு வயதுச் சிறுவன் மூன்றாம் வகுப்புப் பாடத்தையே தட்டுத் தடுமாறிப் படிக்கலாம். அதே சிறுவன் எஸ்டேட்டில் கங்காணியின் கணக்கில் நாலு நாள் கூலி குறைந்திருப்பதைக் கண்டுபிடித்துச் சொல்லக்கூடியவன், தங்கையைத் தனியாகப் பேருந்து மாற்றி ஊருக்குக் கூட்டிவரக்கூடியவன். அவன் கையில் காக்கையும் நரியும் உள்ள புத்தகத்தைக் கொடுத்தால், அவனுடைய எழுத்தறிவை மதித்ததாகவும் அறிவை மதிக்காததாகவும் ஆகிவிடுகிறது. அவன் அதை மூடி வைத்தால் நாம் அவனுக்கு வாசிப்பில் ஆர்வமில்லை என்று எழுதிவைக்கிறோம்.

அவனுக்கு வேண்டியது சொற்றொடர் சிறியதாகவும் விஷயம் பெரியதாகவும் உள்ள நூல். தமிழில் இவ்வகை நூல்கள் இப்போதுதான் வரத் தொடங்கியிருக்கின்றன. பதின்வயதினருக்கென்றே சிறுநூல்கள் கொண்டுவரும் ‘ஓங்கில் கூட்டம்’ எழுத்தாளர்களின் முயற்சி குறிப்பிடத்தக்கது. விஷ்ணுபுரம் சரவணனின் ‘கயிறு’ ஒரே அமர்வில் வாசித்து முடிக்கக்கூடிய சிறு கதைநூல். அதன் பொருள் மாணவர்கள் மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் சாதிக் கயிறு. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவர் சக மாணவர்களால் வெட்டப்பட்டதை அடுத்து அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில் வண்ணக் கயிறுகளைத் தடைசெய்யப் பரிந்துரைத்தது. அறிக்கை அரசுக்கு எழுதப்பட்டது, கதை கயிறு கட்டிய பையனுக்கு. இதை எதற்குக் கட்டியிருக்கிறோம் என்று அவன் தனக்குள் கேட்டுக்கொள்வதற்கு, மூன்றாம் வகுப்பு வாசிப்புத் திறன் போதும்.

மூன்றாவது அளவுகோல் அண்மைக்காலத்தில் செல்வாக்குப் பெற்றது: பிள்ளை தன்னை நூலில் காண வேண்டும் என்பது. அமெரிக்காவில் நான்சி லாரிக் 1965இல் வெளியிட்ட கட்டுரை இதற்கு வலுவான அடித்தளம். மூன்றாண்டுகளில் அங்கு வெளியான 5,206 சிறார் நூல்களில் கறுப்பினத்தவர் ஒருவரேனும் தென்பட்டவை 349 மட்டுமே என்று அவர் எண்ணிக் காட்டினார். 1990இல் ரூடின் சிம்ஸ் பிஷப், நூல்கள் சிலருக்குக் கண்ணாடியாகவும் சிலருக்குச் சாளரமாகவும் இருப்பதை விளக்கி, கண்ணாடியே கிடைக்காத பிள்ளைக்கு நேரும் இழப்பைச் சுட்டினார். தமிழ்ச் சிறார் கதைகளிலும் சித்திரக் கதைகளிலும் பழங்குடி மனிதர் ஈட்டி தூக்கிய காட்டுவாசியாகவோ சூதுவாது அறியாத வெள்ளந்தியாகவோ வந்துபோவதைப் பார்த்தவர்கள் பிஷப்பின் கவலையைப் புரிந்துகொள்வார்கள்.

இந்த வாதத்தை ஏற்கிறேன். அதோடு நிற்க மாட்டேன். பழங்குடிப் பிள்ளைக்குப் பழங்குடிக் கதை என்று ஒதுக்குவது மெல்ல இன்னொரு வேலியாகிவிடும். தவிர, தன்னைப் பார்ப்பது என்பது ஊரும் இனமும் ஒத்துப்போவதால் மட்டும் நிகழ்வதில்லை. இதைக் காட்ட ஒரே ஒரு நூலைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம்.

3. குர்க்குரேவிலிருந்து வெள்ளிமலைக்கு

கிர்கிஸ் எழுத்தாளர் சிங்கிஸ் ஐத்மாத்தவின் ‘முதல் ஆசிரியர்’ 1962இல் வெளிவந்த குறுநாவல். சோவியத் பதிப்பகங்களின் மலிவுப் பதிப்புகள் வழியே தமிழுக்கு வந்து, பள்ளி ஆசிரியர்களிடையே தலைமுறை கடந்தும் வாசிக்கப்படுகிறது. கதை நடப்பது மலையடிவாரத்துக் குர்க்குரேவ் என்னும் சிற்றூரில், 1924இல். தூய்ஷேன் என்ற இளைஞன், கைவிடப்பட்ட குதிரைக் கொட்டிலைத் தானே மெழுகிச் சீராக்கிப் பள்ளி தொடங்குகிறான். ஊர் சிரிக்கிறது. சித்தியின் வீட்டில் அடியும் வசவுமாக வளரும் அநாதைச் சிறுமி அல்தினாய், எரிப்பதற்காகப் பொறுக்கிவந்த சாண வறட்டியை, குளிர்காலத்தில் பள்ளிக்கு உதவட்டும் என்று கொட்டிலிலேயே கொட்டிவிட்டுப் போகிறாள். வெறுங்கையோடு வீட்டுக்குப் போனால் என்ன நடக்கும் என்று தெரிந்தே செய்கிறாள். உறைபனி ஓடையைப் பிள்ளைகள் கடக்க, தூய்ஷேன் அவர்களைத் தோளிலும் முதுகிலும் சுமந்து அக்கரை சேர்க்கிறான். பிறகு, சித்தி அவளை ஒருவனுக்கு இரண்டாம் தாரமாகத் தள்ளிவிடும் பகுதி. ஆசிரியன் அடிபட்டு எலும்பு முறிந்தும் அவளை மீட்டு நகரத்துக்குப் படிக்க அனுப்பும் பகுதி.

விறகுக்கும் தண்ணீருக்கும் நடக்கும் பெண்பிள்ளை, பத்தாம் வகுப்புக்கு முன்பே கல்யாணப் பேச்சு எழும் வீடு, ஓடை பெருகினால் துண்டிக்கப்படும் ஊர்: இவற்றை அறிந்த, கல்வராயன் மலையூரான வெள்ளிமலையின் மாணவிக்கு மத்திய ஆசியாவின் பெயர்கள் தடையாக இருக்கும் என்று கருதக் காரணமில்லை. நூலின் உண்மையான பலம் இந்த ஒற்றுமையையும் தாண்டியது. கதை தொடங்குவது பல்லாண்டுகளுக்குப் பிறகு, ஊரின் புதிய பள்ளித் திறப்பு விழாவில். மாஸ்கோவில் பேரறிஞராகிவிட்ட அல்தினாய் சிறப்பு விருந்தினர். விருந்து நடக்கும்போது வாழ்த்துத் தந்திகளைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, உள்ளே வராமல் போய்விடுகிறார் கிழத் தபால்காரர் ஒருவர். அவர்தான் தூய்ஷேன். தனக்கே சரியாக எழுத்துத் தெரியாமல் நமக்குப் பாடம் நடத்தினாரே என்று சொல்லி விருந்தினர்கள் சிரிக்கிறார்கள். அல்தினாயால் அங்கே இருக்க முடியவில்லை.

அரைகுறையாகப் படித்தவன் நல்ல ஆசிரியனாக முடியுமா? நன்றி மறந்தது ஊர் மட்டும்தானா, அல்தினாயும்தானா? ஐத்மாத்தவ் பதில் தருவதில்லை. கதையைச் சொல்லும் ஓவியனுக்கும் எதை வரைவது என்று முடிவாகவில்லை. பதினைந்து வயதில் இந்தக் கேள்விகள் எளிதில் விடாது. ஆசிரியரே வகுப்புக்கு வராத நாட்களையும், பாதி தெரிந்ததைப் பற்றுதலோடு சொல்லிக்கொடுத்த ஒருவரையும் அந்த வயதுக்குள் எல்லோருமே பார்த்திருப்பார்கள்.

இது சோவியத் பிரசாரம், கொட்டிலின் சுவரில் லெனின் படம் தொங்குகிறது என்ற ஆட்சேபம் உண்டு. படம் தொங்குவது உண்மை. ஆனால் அந்தப் புரட்சியின் ஊழியனை அதே சமூகம் விருந்துக்கு வெளியே நிறுத்தியதையும் இந்த நூல்தான் காட்டுகிறது. இரண்டையும் ஒரே கதையில் பார்க்கும் பதினாறு வயது வாசகர், பெரியவர்கள் பயப்படும் அளவுக்கு ஏமாளி இல்லை.

4. கடினமான பொருள் பற்றிய அச்சம்

தீர்ப்பை வாசகரிடம் விடும் நூல்கள் பெரும்பாலும் வலிக்கும் இடத்தைத் தொடுகின்றன. இரா. நடராசனின் ‘ஆயிஷா’ அடிக்கு அஞ்சாமலிருக்கத் தன் உடம்பிலேயே மருந்தைச் சோதித்துச் சாகும் சிறுமியின் கதை. யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ குழந்தைகள் மீதான பாலியல் சீண்டலைப் பேசுவது. 2020க்கான பால சாகித்திய புரஸ்கார் விருது பெற்றது. பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’ (2000) பண்ணையில் ஆடு மேய்க்க விடப்பட்ட சிறுவர்களின் உலகம். இவற்றைப் பள்ளி அலமாரியில் வைக்கலாமா என்ற தயக்கம் நியாயமானதே. பிள்ளையின் மனம் நோகக்கூடும். பெற்றோர் கேள்வி கேட்கக்கூடும். பதில் சொல்ல வேண்டியவர் தனியாக நிற்கும் ஆசிரியர்.

இதற்கு இரண்டு பதில்கள். முதலாவது, கல்வராயன் பிள்ளைகளை இவ்விஷயங்களிலிருந்து காக்க நாம் தாமதமாகவே வருகிறோம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்தபோது, மலையின் பெயர் வாரக்கணக்கில் சாராய ஊறலோடு சேர்த்தே அச்சானது. 2015 ஏப்ரலில் ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் தமிழகத் தொழிலாளர்கள் 20 பேர் சுட்டுக்கொல்லப்பட்ட பிறகு, செம்மரம் வெட்டப் போவோர் என்ற முத்திரையும் இந்த மலைத்தொடர்களின் மேல் விழுந்தது. சாவும் குடியும் வறுமையும் செய்தித்தாளில் வரலாம், கதையில் வரக்கூடாது என்றால், அவற்றைப் பற்றி யோசிக்கும் உரிமை பிள்ளைக்கு மறுக்கப்பட்டு, கேட்டுக்கொள்ளும் கடமை மட்டும் மிஞ்சுகிறது. இரண்டாவது பதில் ஒரு வரம்பு. வலியைக் காட்டும் நூல் எல்லாம் தகுதியான நூல் ஆகாது. ச. பாலமுருகனின் ‘சோளகர் தொட்டி’ (2004) தமிழ்ப் பழங்குடி வாழ்வின் முக்கியமான ஆவணம்; அதன் சித்திரவதைப் பக்கங்கள் பன்னிரண்டாம் வகுப்புக்கு முன்னால் வேண்டியதில்லை என்பது என் கருத்து. ‘கூளமாதாரி’யைப் பதினாறுக்கு மேல் தரலாம். ‘மரப்பாச்சி’யை ஆறாம் வகுப்பிலேயே தரலாம், தர வேண்டும், சிறுமிக்குத் தப்பிக்கும் வழியும் நம்பிப் பேச ஆளும் அந்தக் கதைக்குள்ளேயே இருக்கின்றன. வயதைப் பார்க்கும்போது பொருளின் கடுமையை மட்டும் பார்க்காமல், கதை வாசகரை அந்த இடத்தில் தனியே விட்டுவிட்டுப் போகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

எல்லாமே இப்படிக் கனமாக இருந்தால் யார் படிப்பார்கள் என்று கேட்கலாம். சரியான கேள்வி. 1972இல் ‘இரும்புக்கை மாயாவி’யோடு தொடங்கிய முத்து காமிக்ஸ் இரண்டு தலைமுறைக்கு வாசிப்பு வேகத்தைக் கற்றுக்கொடுத்தது. பேயும் துப்பறிவாளரும் கிரிக்கெட்டும் அலமாரியில் இருக்கட்டும். அவற்றுக்குத் தகுதிச் சான்று தேவையில்லை. தேர்வு மதிப்பெண்ணுக்கு இதனால் என்ன பயன் என்ற கேள்விக்கும் சுருக்கமாகவே பதில் சொல்லலாம்: பயன் இருக்கக்கூடும், ஆனால் அதைச் சொல்லி நூலை விற்றால் அதுவும் ஒரு கைடாகிவிடும்.

5. மலையைப் பற்றி ஏற்கெனவே அச்சானவை

கல்வராயனைப் பற்றி அச்சில் எதுவுமே இல்லை என்று எண்ணுவது தவறு. 1906இல் வெளியான டபிள்யூ. பிரான்சிஸின் தென்னார்க்காடு மாவட்ட விவரச்சுவடியிலும், 1909இல் வெளியான எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்தியக் குலங்கள், குடிகள் பற்றிய தொகுதிகளிலும் மலையாளிகள் இடம்பெறுகிறார்கள். காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்ற அவர்களின் வழிவழிக் கதையும் இந்த அலுவலர்களின் காலத்திலேயே அச்சேறிவிட்டது. அதற்கு மிக முந்தைய பதிவும் அருகிலேயே உள்ளது. பத்துப்பாட்டின் மலைபடுகடாம், செங்கத்து நன்னனின் மலைநாட்டைப் பாடும் 583 அடி நூல். வழியின் ஆபத்துகளையும் குறவர் குடிகளின் விருந்தோம்பலையும் அடுக்கிச் சொல்கிறது.

பதினோராம் வகுப்பு மாணவர் கையில் இந்த இரண்டு வகை எழுத்தின் சில பக்கங்களை, எளிய உரையோடு, ஒன்றாக வைத்துப் பாருங்கள். ஒன்றில் மலைவாசிகள் வழி தெரிந்தவர்கள், வந்தவருக்குச் சோறிடுபவர்கள். மற்றதில் அவர்கள் விவரிக்கப்பட்டு வகைப்படுத்தப்பட வேண்டியவர்கள். யார் எழுதினார்கள், யாருக்காக எழுதினார்கள், எங்கள் வீட்டில் இதை இப்படிச் சொல்வதில்லையே என்ற கேள்விகள் எழ வேண்டும். தன் மக்களைப் பற்றிப் பிறர் எழுதியதை எடைபோடும் வாசகர், வெறும் கண்ணாடியில் முகம் பார்த்துத் திருப்தியடையும் வாசகரைவிட ஒரு படி மேலே நிற்கிறார். நீலகிரிப் படகர் வாழ்வைச் சொல்லும் ராஜம் கிருஷ்ணனின் ‘குறிஞ்சித்தேன்’ (1963) போன்ற, அக்கறையோடு ஆனால் வெளியிலிருந்து எழுதப்பட்ட நாவல்களையும் அப்போது அவர் வேறு கண்ணோடு படிப்பார்.

6. தேர்வு யார் கையில்

நல்ல அளவுகோல் இருந்தும் பயனில்லாமல் போகும் இடம் ஒன்று உண்டு. பள்ளிக்கு நூல்கள் மொத்தக் கொள்முதலில், குழு ஒப்புதல் அளித்த பட்டியலிலிருந்து வருகின்றன. சென்னைக்குப் போகும் அதே கட்டு வெள்ளிமலைக்கும் வருகிறது. வந்தவை இருப்புப் பதிவேட்டில் ஏறுகின்றன. ஒன்று தொலைந்தால் பொறுப்பாசிரியர் பதில் சொல்ல வேண்டும். ஆகவே பீரோ பூட்டப்படுகிறது. ஆசிரியர் மீது இதில் பழிபோட ஒன்றுமில்லை. சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தை வளர்த்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வகுத்த ஐந்து விதிகளில் முதலாவது, நூல்கள் பயன்பாட்டுக்கே என்பது. ஐரோப்பிய நூலகங்களில் ஒருகாலத்தில் நூல்களைச் சங்கிலியால் பிணைத்து வைத்த வழக்கத்தை அவர் நினைவூட்டியது இதற்காகத்தான். கிழிந்தும் தொலைந்தும் போகும் நூல்களை இயல்பான தேய்மானமாக எழுதித்தள்ள வகைசெய்யும் ஒரு சிறு ஆணை, பத்துப் பட்டியல்களைவிட உதவும்.

இன்னொரு மாற்றம் எண்ணிக்கையைப் பற்றியது. தலைப்புக்கு ஒரு பிரதி என்று நூறு நூல் வாங்குவதைவிட, இருபது தலைப்பில் ஐந்தைந்து பிரதி வாங்குவது விடுதிக்குப் பொருந்தும். தீர்ப்புச் சொல்ல ஆசைப்படும் வாசகருக்கு எதிர்வாதம் செய்ய ஆள் வேண்டும். தூய்ஷேன் செய்தது சரியா என்று அத்தை மகளோடு இரவுச் சாப்பாட்டு வரிசையில் சண்டை போட, அவளும் அதைப் படித்திருக்க வேண்டும். அந்த இருபதில் சிலவற்றைப் பிள்ளைகளே ஒதுக்கித் தள்ளவும் உரிமை வேண்டும். பிரெஞ்சு எழுத்தாளர் தானியேல் பென்னாக் 1992இல் எழுதிய வாசகர் உரிமைப் பட்டியலில், நூலைப் பாதியில் விட்டுவிடுவதும் ஓர் உரிமை. பாதியில் விடப்பட்ட நூல்களின் பெயர்களைக் குறித்துவைத்து அடுத்த கொள்முதலின்போது மேசையில் வைத்தால், தேர்வுக் குழுவுக்கு அதைவிட நேர்மையான மதிப்புரை கிடைக்காது.

வெளியிலிருந்து எத்தனை நூல் தேர்ந்து அனுப்பினாலும் தீராத ஒரு குறை உள்ளது. ஜாகிர் காலத்து மலையை, அங்கே உழைத்தவர்களின் வாயால் சொல்லும் நூல் இந்த அலமாரிகளில் இல்லை. அதைப் பிள்ளைகளே உருவாக்கலாம். ஒன்பதாம், பத்தாம் வகுப்பு மாணவர்கள் தங்கள் தாத்தா பாட்டிகளின் பேச்சைக் கைப்பேசியில் பதிந்து, மலைத் தமிழிலேயே எழுதி, பிரான்சிஸின் பக்கங்களோடு ஒப்பிட்டுப் பார்த்து, எங்கே முரண்படுகிறது என்று குறிக்கலாம். பாடநூல் கழகமோ மாவட்ட நிர்வாகமோ அச்சுச் செலவை ஏற்கலாம். புத்தகத் திருவிழாவுக்கு ஒதுக்கும் தொகையில் சிறு பங்கு போதும். 1976இல் இருபது வயதில் இருந்தவர்கள் இப்போது எழுபதை எட்டிவிட்டார்கள். இந்த வேலையை வரும் கல்வியாண்டிலேயே தொடங்க வேண்டும்.